டீசல் டேங்குக்குள்ள உத்தரியம்

அந்தக் கண்டக்டர் சொன்னது உன் காதுல விழுந்துதா பிள்ள? "டீசல் டேங்கு அந்தப் பக்கம் இருக்குக்கா, நீங்க இந்தப் பக்கமா உக்காருங்க"ன்னான். பின்னால இருக்கவன் எல்லாம் பல்லக் காட்டுதான். நீ ஊருக்குப் புதுசு, உனக்கு விளங்காது. விளங்காததே நல்லது. ஆனா தூத்துக்குடி போய்ச் சேருறதுக்குள்ள எவனாவது உங்கிட்ட தப்புந்தவறுமாச் சொல்லி வச்சிருவான். அதுக்கு நானே சொல்லிட்டாத் தேவல.

எம் பேரு கித்தேரி. வீட்டுக்காரரு பேரு கயத்தான். கடத்தொழில்தான். சொந்தமா ஒரு வள்ளம் இருக்கு. ஃபைபர் வள்ளம், நடுவுல டீசல் எஞ்சினு, எஞ்சினுக்கு ஒட்டி ஒரு தகரப் பெட்டி மாதிரி டேங்கு. வள்ளத்துல 'கித்தேரியம்மாள்'னு பெருசா எழுதியிருக்கும். அது எம் பேரு இல்ல, புனிதை பேரு. எம் பேரும் அதுவா இருந்தா நான் என்ன செய்ய?

முன்ன அந்த வள்ளம் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்துது. தம்பி பேரு தொம்மை. எனக்குக் கொழுந்தன். அவன் அவுக அம்மா பேரத்தான் எழுதணும்னு நின்னான். நான் சண்டையெல்லாம் போடல. "ஒரு வள்ளத்துக்கு ரெண்டு மொதலாளி சரிப்படுமா?"ன்னு வீட்டுக்காரருகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். சோறு வைக்கும்போது கேட்டேன், படுக்கும்போது கேட்டேன், பூசைக்குப் போற வழியில கேட்டேன். அவ்வளவுதான். அவனா விலகிப் போயிட்டான். அடுத்தவன் வள்ளத்துல கூலிக்குப் போனான். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்னு போச்சு. ஒரே தெருவுல எதிரெதிர்க்க வருவாங்க, ஒருத்தன் கடலப் பாப்பான், ஒருத்தன் கோயிலப் பாப்பான். அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

சரி, உத்தரியத்துக்கு வாரேன். உத்தரியம்னா தெரியுமா உனக்கு? ரெண்டு சின்னத் துணித் துண்டு, பழுப்பு நிறம், மாதா படம் தச்சிருக்கும். கயித்துல கோத்துக் கழுத்துல போடுறது. கார்மேல் மாதா உத்தரியம் கழுத்துல கெடந்தா கடல்ல போறவன் கரைக்கு வந்துருவான்னு எங்களுக்கு நம்பிக்கை. கல்யாணமான புதுசுலேருந்து அவரு போட்டிருந்தாரு. ஒரு நாள் வலை வாங்கும்போது, அதான் தண்ணியிலேருந்து வலைய இழுக்கும்போது, அந்தக் கயிறு வலையில மாட்டி, அவரு கழுத்த இழுத்துட்டுது. கழுத்தச் சுத்திச் செவசெவன்னு ஒரு கோடு. வந்ததும் கழட்டி அடுப்படி ஆணியில மாட்டிட்டாரு.

"போட்டுக்கிடுங்க"ன்னேன்.

"கழுத்து இருந்தாத்தானடி உத்தரியம்"னாரு.

நானும் விடல. சட்டப் பையில வச்சு விட்டேன், எடுத்துட்டாரு. சோத்துத் தூக்குல மூடிக்குள்ள ஒட்டி வச்சேன், அதையும் எடுத்துட்டு வந்து திரும்ப ஆணியிலயே மாட்டிட்டாரு. நான் யோசிச்சேன். மனுசன் போடாட்டி வள்ளம் போட்டுக்கிடட்டும். ஆனா வள்ளத்துல எங்க வச்சாலும் இவரு கண்ணுக்குத் தப்பாது. பலகைக்கு அடியில வச்சாத் தண்ணி இறைக்கும்போது பாத்துருவாரு. அப்பத்தான் டேங்கு ஞாபகம் வந்துது. டீசல் ஊத்துறதோட சரி, அதுக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?

மத்தியானம் ஆம்பளைக எல்லாம் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம். வள்ளம் மணல்ல ஏத்திக் கெடந்துது. எங்க ஊர்ல பொம்பளை வள்ளத்துல ஏறக்கூடாதுன்னு ஒரு பேச்சு உண்டு. ஏறினேன். டேங்கு வாயில ஒரு சல்லடை வச்சிருந்தாங்க, தூசி தும்பு விழாம. அதக் கழட்டினேன். உத்தரியத்துல ஒரு ஈயக்குண்டு கட்டியிருந்தேன், வலையில கெடக்குமே, சின்னது, அது. அப்பத்தான அடியில போய் அமைதியாக் கெடக்கும்? உள்ள விட்டேன். 'ணங்'னு ஒரு சத்தம். மாதாவே காப்பாத்துன்னு சொல்லிட்டு, சல்லடையத் திரும்ப வச்சு, மூடியையும் இறுக்கமா மூடிட்டு இறங்கிட்டேன். எந்த வேலை செஞ்சாலும் ஒழுங்காச் செய்யணும் எனக்கு.

மறுநாள் விடியக்காலம் அவரு போனாரு. கூட எந்தம்பி சலேத்து. ரெண்டே பேருதான். போகும்போது கடலு நல்லாத்தான் இருந்துது. வெயில் ஏறினப்புறம் கொண்டல் காத்து கிளம்பிட்டுது. கொண்டல்னா கடல்லேருந்து கரையப் பாத்து அடிக்கிறது. எங்க ஊருக்கு வடக்க தண்ணிக்குள்ள பாறை கெடக்கு, நாங்க பாருன்னு சொல்லுவோம். எஞ்சினு ஓடுற வள்ளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்ல. எஞ்சினு நின்ன வள்ளத்த அந்தக் காத்து நேரா அங்கதான் கொண்டு போய்ச் சாத்தும்.

நான் நெத்திலி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். சலேத்து பெண்டாட்டி ஓடி வந்தா. "மைனி, நம்ம வள்ளம் எஞ்சினு நின்னு போச்சாம், சங்கத்துல வயர்லெஸ்ல பேசுதாங்க"ன்னா. கையக்கூடக் கழுவல, போனேன்.

மீனவர் சங்கக் கட்டடத்துல ஒரு மேசை, மேசை மேல வயர்லெஸ் பெட்டி. அதுல ஒருத்தர் பேசுனாக் கடல்ல நிக்கிற அத்தன வள்ளத்துக்கும் கேக்கும், பக்கத்து ஊர் சங்கத்துக்கும் கேக்கும். மெக்கானிக் பொன்ராசு மைக்கக் கையில வச்சுக்கிட்டு நிக்கான். எங்க வீட்டுக்காரரு குரல் கரகரன்னு வருது.

"பொன்ராசு, ஸ்டார்ட் ஆகுதுப்பா. செத்த நேரம் ஓடுது, அப்புறம் மூச்சு முட்டுன மாதிரி நின்னுருது. ஃபில்டரக் கழட்டிப் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. குழாயில புகுந்த காத்தையும் எடுத்தாச்சு. திரும்ப ஓடுது, திரும்ப நிக்குது."

"டேங்க விட்ருங்கண்ணே. ஓஸக் கழட்டிக் கேனுக்குள்ள விட்டு ஓட்டுங்க"ன்னான் பொன்ராசு.

"கேனு எங்க இருக்கு? ஒரு அலை வந்து அள்ளிட்டுப் போயிட்டுது."

"நங்கூரம்?"

"போட்டிருக்கேன். பிடிக்கல. இழுத்துட்டு வருது."

பொன்ராசு மைக்க வச்சுட்டு நெத்தியத் தேய்ச்சான். அப்புறம் திரும்ப எடுத்தான். "அண்ணே, ஓடி ஓடி நிக்குதுன்னா டேங்குக்குள்ள ஏதோ கெடக்கு. எஞ்சினு டீசல உறிஞ்சும்போது அது வந்து குழாய் வாய அடைச்சிருது. எஞ்சினு நின்னதும் விட்டுருது. துணியோ பிளாஸ்டிக்கோ தெரியல. ஏதாவது விழுந்துதா?"

எனக்கு உடனே விளங்கிட்டுது பிள்ள. சுவத்தப் பிடிச்சுக்கிட்டேன்.

"எப்படி விழும்? வாயில சல்லடை இருக்கு. இப்பக்கூட இருக்கு"ன்னாரு அவரு. அப்புறம் வேற குரல்ல பேசுனாரு. "விழல பொன்ராசு. யாரோ சல்லடையக் கழட்டிட்டு உள்ள எதையோ போட்டிருக்கான். நேத்து சாயந்திரம் தொம்மை வள்ளத்துக்கிட்ட நின்னான். நான் கண்ணால பாத்தேன்."

தொம்மை அந்நேரம் எங்க இருந்தான் தெரியுமா? கரையில வேற ஒரு வள்ளத்தத் தள்ளிக்கிட்டிருந்தான், அண்ணனைக் கூட்டிட்டு வர. நாலஞ்சு பேரச் சேத்துக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நிக்கான். ஒருத்தன் ஓடிப் போய்ச் சொல்லிட்டான். தள்ளிட்டிருந்தவன் எல்லாம் கைய எடுத்துட்டான். அவன் சட்டையப் பிடிச்சுச் சங்கத்துக்கு இழுத்துட்டு வந்தாங்க.

"என்னல போட்ட டேங்குல?"

"நான் ஒண்ணும் போடல. நங்கூரக் கயிறு அவுந்து கெடந்துது, கட்டிட்டு வந்தேன்."

"பேச்சில்லாத வீட்டு வள்ளத்துக்கு நீ கயிறு கட்டினியோ?"

ஒருத்தன் கன்னத்துல அறைஞ்சே புட்டான். தொம்மை திருப்பி அடிக்கல. "என்னை அப்புறமா அடிங்க. வள்ளத்தத் தள்ளுங்கல, பாருக்குப் போயிரும்ல"ன்னு கத்துதான். ஒருத்தனும் நகரல. சங்கத்து மாடியில நின்னு கடலப் பாத்துக்கிட்டிருந்தவன் கீழ சத்தம் குடுத்தான். "பாருல அலை வெள்ளையா உடையுது, வள்ளம் அந்தப் பக்கமாத்தான் வருது!"

நீ ஏன் அப்பவே சொல்லலன்னு எங்கிட்டக் கேக்காத ஆளே கிடையாது. சொல்லமாட்டேன்னா நினைச்சேன்? எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். அவ்வளவு பேரு நிக்காங்க. வள்ளத்துல ஏறினது, டேங்கத் திறந்தது எல்லாம் சொல்லணும். அதோட ஒண்ணு, தொம்மையும் ஏதாவது போட்டிருக்க மாட்டான்னு யாருக்குத் தெரியும்? அதையும் நான் யோசிச்சுப் பாக்கணும்லா? அவன் வாயோரத்துல ரத்தம் வந்துது. அவன் அதத் தொடைக்காம, "மைனி, நீங்களாவது சொல்லுங்க மைனி, அண்ணன் செத்துப் போவான்"னான்.

எப்படிப் போனேன்னு தெரியல. பொன்ராசு கையிலேருந்து மைக்கப் பிடுங்கிட்டேன்.

"பட்டன அமுக்கிட்டுப் பேசுங்கக்கா. பேசி முடிச்சதும் விட்டுருங்க. விட்டாத்தான் அண்ணன் பேசுறது கேக்கும்"னான்.

அமுக்குனேன். "என்னங்க. நான் கித்தேரி பேசுதேன். தொம்மை ஒண்ணும் போடல. டேங்குக்குள்ள கெடக்கது உங்க உத்தரியம். நான்தான் போட்டேன். ஈயக்குண்டு கட்டிப் போட்டிருக்கேன்."

நான் பதிலுக்கு நிக்கேன், பதிலே வரல. பட்டன் மேல இருந்த விரல நான் எடுக்கலன்னு பொன்ராசுதான் பாத்து எடுத்து விட்டான்.

"...எதுக்கு? எதுக்குட்டி அங்க போட்ட?"ன்னு அவரு குரல்.

திரும்ப அமுக்குனேன். அப்பப் பேசுனதுதான் இப்ப ஊரே பேசுது. எனக்குப் பாதி ஞாபகம் இல்ல, கேட்டவனுக்கு ஒரு எழுத்து மறக்கல. "நீங்க திரும்பி வரணும்னுதான் போட்டேன். நீங்க கடலுக்குப் போனா நான் சோறு திங்கிறதில்ல. வள்ளம் கரையில ஏறுன பிறகுதான் திங்கேன். கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான். உங்களுக்குத் தெரியாது. உத்தரியத்த ஆணியில மாட்டிட்டுப் போனா நான் அந்த ஆணியப் பாத்துக்கிட்டே எப்படி இருப்பேன்? திட்டுறதெல்லாம் வந்து திட்டுங்க. வந்திருங்க." இப்படி என்னென்னமோ. விரலையும் எடுக்கல. அழுததும் எல்லாருக்கும் கேட்டுருக்கு. நடுக்கடல்ல வலை வாங்கிட்டிருந்தவன் எல்லாம் வலைய அப்படியே போட்டுட்டுக் கேட்டானாம்.

விரல எடுத்தேன். அவரு நான் சொன்னதுக்கு ஒரு வார்த்த சொல்லணுமே! ம்ஹூம். "கயிறோடவா கெடக்கு?"ன்னாரு.

"கயிறோடதான்."

"முடிச்சு நல்லாப் போட்டிருக்கியா?"

"நான் போட்ட முடிச்சு அவுராது."

"சலேத்து, தூண்டில எடு"ன்னாரு. அதோட வயர்லெஸ் நின்னு போச்சு.

இதுக்குள்ள தொம்மையை விட்டுட்டாங்க. அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்ல, கரைக்கு ஓடுனான். அறைஞ்சவனே முன்னாடி ஓடி வள்ளத்தத் தள்ளுனான். முதத் தடவ அலை வள்ளத்தத் திருப்பிக் கரையில போட்டுட்டுது. ரெண்டாந்தடவதான் அலையத் தாண்டுச்சு. 

அங்க கடல்ல என்ன நடந்துதுன்னு சலேத்து பிறகு சொன்னான். டேங்கு வாய் சின்னது, கை போகாது. உள்ள ஒரே இருட்டு. இவரு சல்லடையக் கழட்டிட்டுக் குப்புறப் படுத்துக்கிட்டாராம். தூண்டில் முள்ளக் கம்பியில கட்டி உள்ள விட்டு, தடவித் தடவித் தேடியிருக்காரு. வள்ளம் ஆடுற ஆட்டத்துல டீசல் தளும்பி மூஞ்சியில அடிக்குது, கண்ணு எரியுது. சலேத்து அவரு கால் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கான். முதல்ல ஒண்ணு மாட்டியிருக்கு, இழுத்தா வரல. டீசல் உறிஞ்சுற குழாயிலதான் முள்ளு மாட்டியிருக்கு. முள்ள விடுவிக்கவே நேரம் ஆகிட்டுது. பாருல அலை உடையுற சத்தம் கிட்ட கேக்குது. சலேத்து, "அத்தான், குதிச்சு நீந்திருவோம்"னானாம். "நீ நீந்து, நான் எடுத்துட்டு வாரேன்"னாராம் இவரு. அவன் எப்படி விட்டுட்டுப் போவான்?

திரும்ப முள்ள விட்டிருக்காரு. இந்தத் தடவ கனமா ஒண்ணு மாட்டியிருக்கு. பையப் பைய இழுத்தா ஈயக்குண்டு வந்து டேங்கு வாயில முட்டி நிக்குது, பக்கவாட்டுல திரும்பிக்கிட்டு வெளிய வர மாட்டேங்குது. ஒரு கையால கயித்தப் பிடிச்சு, பல்லால கடிச்சுக்கிட்டு, இன்னொரு கை விரலால குண்டத் திருப்பி வெளிய எடுத்திருக்காரு. கூடவே ரெண்டு துணியும் டீசல் சொட்டச் சொட்ட வந்துருக்கு. சலேத்து குழாயில காத்த எடுத்துட்டு எஞ்சினச் சுத்துனா, பிடிக்கல. இன்னொரு தடவ சுத்தியிருக்கான்.

எங்களுக்கு இங்க ஒண்ணும் தெரியாது. பெட்டி சும்மா இரையுது. மாடிக்காரனும் சத்தம் குடுக்கிறத நிறுத்திட்டான். நான் தரையில உக்காந்துட்டேன். என் கையில நெத்திலிச் செதிலு காஞ்சு ஒட்டிப் போயி இருந்துது, அதையே உரிச்சுக்கிட்டிருந்தேன். சலேத்து பெண்டாட்டி என் தோள்ல முகத்த வச்சுக்கிட்டா. அவ என்ன நினைச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். அவ புருசனும் அதுலதான இருக்கான்.

திடீர்னு பெட்டியில 'டுகுடுகு'ன்னு ஒரு சத்தம். அவரு பட்டன அமுக்கி மைக்க எஞ்சின் பக்கமாப் பிடிச்சிருக்காரு. சத்தம் நிக்குமோ நிக்குமோன்னு எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கோம். நிக்கல. ஓடிக்கிட்டே இருந்துது. பொன்ராசு மேசையில தலைய வச்சுட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குழாய அவ்வளவு அடியில வச்சது அவந்தான். கொஞ்சம் மேல வச்சிருந்தா உத்தரியம் அது பாட்டுக்குக் கெடந்திருக்கும். அத ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

கரைக்கு வரும்போது ரெண்டு வள்ளமும் ஒண்ணாத்தான் வந்துது. தொம்மை பாதிக் கடல்ல போய்ச் சேந்துக்கிட்டான். இவரு இறங்குனாரு. கண்ணெல்லாம் ரத்தச் செவப்பு, மூஞ்சி பூரா டீசல். நேரா தம்பிகிட்டப் போனாரு. வாயோரத்து ரத்தத்தக் கட்ட விரலால தொடைச்சாரு.

"ஏல, கயிறு கட்டினத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"பேசாத ஆள்கிட்ட என்னத்தச் சொல்ல?"

அவ்வளவுதான் பேசுனாங்க. ரெண்டு பேரும் தண்ணியிலயே உக்காந்துட்டாங்க. அழுதாங்களோ சிரிச்சாங்களோ, கிட்டப் போய்ப் பாக்க எனக்கு முகமில்ல. நான் அங்கேயே நிக்கேன். அப்புறம் எழுந்து வந்தாரு. உத்தரியத்த எங் கையில வச்சாரு. திட்டப் போறாரு, திட்டட்டும்னு நின்னேன். அத்தன பேருக்கு முன்னால என்ன சொன்னாரு தெரியுமா?

"வீட்டுக்குப் போ. போய்ச் சோறு தின்னு."

பட்டினி கெடந்தவள விரட்டுற மாதிரி! எனக்கு எப்படி இருக்கும், சொல்லு.

இப்ப அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்துலதான் போறாங்க. ராசியாயிட்டாங்க. உண்மையச் சொல்லி ரெண்டு பேரையும் சேத்து வச்சது நானு, ஆனா கேலிக்கு ஆளானதும் நானு. வள்ளத்துப் பேரையும் மாத்தப் போறாங்களாம், அம்மா பேரு வைக்க. நான் வாயத் திறக்கல. திறக்குறதுக்கு எனக்கு எங்க இடம் இருக்கு?

அதக்கூடப் பொறுத்துக்கிடுவேன் பிள்ள. இவரு பண்ற அநியாயத்தத்தான் தாங்க முடியல. தினமும் வலை வாங்கி முடிச்சதும் வயர்லெஸ்ல சங்கத்தக் கூப்பிடுதாரு. "வள்ளம் திரும்பிட்டு. கித்தேரிகிட்டச் சொல்லிருங்க, சாப்பிடச் சொல்லுங்க"ன்னு. அத்தன ஊருக்கும் கேக்க! ஒரு நாள் தவறினது கிடையாது. எவ்வளவு மீன் பட்டுதுன்னு சொல்லுறாரோ இல்லியோ, இதச் சொல்லிருவாரு. பழி வாங்குதாரு, வேற என்ன? நேருல ஒரு வார்த்த அதப் பத்திப் பேசுறாரான்னா, இல்ல. நானும் போய்ச் சங்கத்து வாசல்லதான் நிப்பேன். வேற எதுக்கும் இல்ல, எவன் எவன் சிரிக்கான்னு பாக்கணும்லா.

இன்னைக்கு என் கண்ணக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாப் போச்சு, சங்கத்து வாசல்ல நிக்க முடியல. சலேத்து பெண்டாட்டிகிட்ட, எனக்கு ஒரு போன் போடுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்...

இரு பிள்ள, போன் அடிக்கி. 

"ம்... சொல்லு. எப்பக் கூப்பிட்டாரு? ...தொம்மையும் பேசுனானா? ...சரி, காத்து எப்படி இருக்காம்? ...சிரிச்சாங்களா? ...சிரிக்கட்டும். வச்சிருதேன்."

கொஞ்சம் அந்தப் பையத் தள்ளி வைக்கியா பிள்ள? பொட்டலத்தப் பிரிக்கணும். காலையிலேருந்து ஒண்ணும் திங்கல, பசிக்கி.